சைரன் ஒலிக்காத நேரத்தில் காவலர் யார்?

அவசர அழைப்பு ஏதும் இல்லாத நேரத்தில் காவலர் ஒருவர் சிவப்பு விளக்கைக் கடந்து செல்லலாமா? தலைக்கவசமின்றி இருசக்கர வாகனம் ஓட்டலாமா? ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் வரலாமா? இக்கேள்விகளுக்குச் சட்டம் தரும் விடை ஒரே சொல்லில் முடிகிறது: கூடாது. விடை இத்தனை தெளிவாக இருக்கையில் இதைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று வாசகர் கேட்கலாம். சட்டப் புத்தகத்தில் உள்ள விடைக்கும் சாலையில் நாம் காணும் விடைக்கும் இடையிலுள்ள தொலைவைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது.

அந்தத் தொலைவு எல்லோருக்கும் ஒரே அளவாக இல்லை. தலைக்கவசம் அணியாத காவலரைப் பார்த்து, "நீங்கள் மட்டும் அணியலாகாதா?" என்று கேட்கும் உரிமை எல்லாக் குடிமக்களுக்கும் தாளில் உண்டு. அக்கேள்வியைக் கேட்டபின் வீட்டுக்குத் திரும்புகிறவர் யார், காவல் நிலையத்துக்குச் செல்கிறவர் யார் என்பதைப் பெரும்பாலும் அவரது சாதியும், வர்க்கமும், அவர் குடியிருக்கும் தெருவின் பெயரும் தீர்மானிக்கின்றன. பொது ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக வழக்குத் தொடுக்க இந்திய தண்டனைச் சட்டத்தில் 353ஆம் பிரிவு இருந்தது. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 132ஆம் பிரிவாக இருக்கிறது. வாகனச் சோதனையில் தொடங்கிய வாய்த்தகராறு இப்பிரிவின் கீழ் முதல் தகவல் அறிக்கையாக முடிவதை வழக்கறிஞர்கள் பலர் கண்டிருக்கிறோம். ஆகவே, போக்குவரத்து விதி என்னும் சிறிய பொருளை, அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் உரிமை என்னும் பெரிய பொருளோடு சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

சட்டம் எங்கே விலக்கு அளிக்கிறது?

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வாகனம் ஓட்டும் 'எவரையும்' நோக்கிப் பேசுகிறது. 119ஆம் பிரிவு சாலைக் குறியீடுகளுக்குக் கீழ்ப்படியும் கடமையை ஒவ்வோர் ஓட்டுநர் மீதும் சுமத்துகிறது. 129ஆம் பிரிவு தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. அப்பிரிவிலேயே ஒரு விலக்கு எழுதப்பட்டுள்ளது. அது தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கானது. காக்கிச் சீருடைக்கு அங்கே விலக்கு இல்லை. வேக வரம்பைப் பற்றிய 112ஆம் பிரிவிலும் ஒரு விலக்கு உண்டு. அது இராணுவப் பயிற்சி நடவடிக்கைகளில் ஈடுபட்டிருக்கும் இராணுவ ஊர்திகளுக்கானது. விலக்கு அளிக்க வேண்டும் என்று நாடாளுமன்றம் கருதிய இடங்களில் அதை வெளிப்படையாக எழுதியிருக்கிறது. எழுதாத இடத்தில் விலக்கு இருப்பதாக நாமே கற்பித்துக்கொள்ள முடியாது.

அவ்வாறாயின் காவல் ஊர்திகளுக்குச் சலுகையே இல்லையா? உண்டு. மோட்டார் வாகனங்களை ஓட்டுதல் குறித்து ஒன்றிய அரசு 2017இல் வெளியிட்ட ஒழுங்குமுறைகள், தீயணைப்பு ஊர்தி, ஆம்புலன்ஸ், காவல் ஊர்தி ஆகியவற்றுக்குச் சாலையில் முன்னுரிமை தருகின்றன. கடுமையான அவசர நிலையில், வேகத்தைத் தேவையான அளவுக்குக் குறைத்துக்கொண்டு சிவப்பு விளக்கைக் கடக்கவும், வேக வரம்பை மீறவும் அவற்றுக்கு அனுமதி உண்டு. ஆனால் அந்த அனுமதியைச் சுற்றி மூன்று வேலிகள் உள்ளன. முதலாவது, உண்மையான அவசரப் பணி இருக்க வேண்டும். இரண்டாவது, சுழல் விளக்கும் சைரனும் இயங்கி, மற்றவர்களுக்கு எச்சரிக்கை கிடைக்க வேண்டும். மூன்றாவது, அவசரத்திலும் உரிய கவனமும் பொறுப்பும் குறையக் கூடாது.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலனாகும். சட்டம் சலுகை அளிப்பது பணிக்கு, பதவிக்கு அன்று. தீப்பிடித்த வீட்டில் சிக்கியவருக்காகவும், உயிருக்குப் போராடும் நோயாளிக்காகவும், தாக்கப்படும் பெண்ணுக்காகவும் தரப்பட்ட சலுகை அது. அப்பணி முடிந்து, சைரனை அணைத்துவிட்டுத் தேநீர் குடிக்கச் செல்லும் அதே ஊர்தி, அடுத்த நொடியிலிருந்து மற்ற ஊர்திகளில் ஒன்றாகிவிடுகிறது. வேறு நாட்டுச் சட்டங்களிலும் இதே சிந்தனையைக் காணலாம். பிரிட்டனின் 1984ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டம், வேக வரம்பைக் கடைப்பிடித்தால் காவல் பணிக்கு இடையூறு நேரும் என்னும் நிலையில் மட்டுமே காவல் ஊர்திக்கு விலக்கு அளிக்கிறது. அங்கும் அளவுகோல் நோக்கமே.

சட்டம் படிக்கும் மாணவர்கள் இதை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்போடு பொருத்திப் பார்க்கலாம். மக்களை வகைப்படுத்திச் சட்டம் இயற்ற அரசுக்கு உரிமை உண்டு; ஆனால் அந்த வகைப்பாட்டுக்குப் புரிந்துகொள்ளத்தக்க அடிப்படை இருக்க வேண்டும், அந்த அடிப்படைக்கும் சட்டத்தின் நோக்கத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும். 1952இல் அன்வர் அலி சர்க்கார் வழக்கிலிருந்து உச்ச நீதிமன்றம் வலியுறுத்திவரும் அளவுகோல் இது. அவசரத்தில் விரையும் ஊர்திக்கும் மற்ற ஊர்திக்கும் இடையிலான வேறுபாடு இச்சோதனையில் தேறும். சீருடை அணிந்தவர், அணியாதவர் என்னும் வேறுபாடு தேறாது. சாலையில் விழும் தலை, அத்தலைக்கு உரியவர் எந்தத் துறையில் ஊதியம் பெறுகிறார் என்று பார்த்து உடைவதில்லை.

இருமடங்குத் தண்டம்

2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அபராதங்களை உயர்த்தியதை எல்லோரும் அறிவோம். தலைக்கவசம் அணியாமைக்கு 1,000 ரூபாய். அவசர ஊர்திக்கு வழிவிடாமைக்கு 10,000 ரூபாய் வரை. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் நடைமுறைக்கு வந்தன. ஆனால் அதே திருத்தம் கொண்டுவந்த 210பி பிரிவைப் பற்றிப் பொதுமக்களிடம் பேச்சே இல்லை. இச்சட்டத்தைச் செயல்படுத்தும் அதிகாரம் பெற்ற அமைப்பு இச்சட்டத்தின் கீழ்க் குற்றம் செய்தால், அக்குற்றத்துக்குரிய தண்டத்தைப் போல் இருமடங்குக்கு ஆளாகும் என்பதே அதன் சாரம். மற்றவர் 1,000 ரூபாய் கட்டும் குற்றத்துக்கு, அபராதச் சீட்டு எழுதும் இடத்தில் இருப்பவர் 2,000 ரூபாய் கட்ட வேண்டும்.

இப்பிரிவில் ஒரு சொற்சிக்கல் உண்டு. சட்டம் 'அதிகார அமைப்பு' என்ற பொருள்படும் சொல்லைப் பயன்படுத்துகிறது. அது துறையைக் குறிக்கிறதா, துறையில் பணியாற்றும் தனி நபரையும் குறிக்கிறதா என்று வாதிட இடமிருக்கிறது. தண்டனைச் சட்டங்களைக் குறுகலாகவே பொருள்கொள்ள வேண்டும் என்பது பொதுவிதி என்பதால், இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. எனினும் 2019 செப்டம்பரில், திருத்தம் நடைமுறைக்கு வந்த சில நாட்களிலேயே, விதி மீறும் காவலர்கள் இருமடங்கு அபராதம் செலுத்த வேண்டியிருக்கும் என்று தில்லி போக்குவரத்துக் காவல்துறை தன் பணியாளர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. துறையே அப்படித்தான் பொருள் கொண்டது. குறுகிய பொருளை ஏற்றாலும், எல்லோருக்கும் உரிய அபராதம் காவலருக்கும் உண்டு என்பதில் ஐயம் எழவில்லை. இருமடங்கா ஒருமடங்கா என்பதே கேள்வி. சுழியம் என்னும் விடைக்கு அங்கே இடமில்லை.

இப்பிரிவின் அறம் எளிமையானது. விதியை அறிந்தவர், அதைப் பிறர்மீது செலுத்துபவர், அதை மீறினால் குற்றத்தின் கனம் கூடுகிறது. சாதியச் சட்டங்கள் இதற்கு நேர் எதிரானவை. மேலே இருப்பவருக்குத் தண்டனை குறையும், கீழே இருப்பவருக்குத் தண்டனை கூடும் என்பதே மனுநீதியின் கணக்கு. அரசியலமைப்பு அக்கணக்கைத் தலைகீழாகத் திருப்பியது. 210பி என்னும் சிறு பிரிவும் அத்திருப்பத்தின் ஒரு துளிதான். அதனால்தான் அது புத்தகத்தில் உறங்கும்போது நாம் கவலை கொள்ள வேண்டும்.

"காவலர் எப்போதும் பணியில்தான்" என்னும் வாதம்

காவலருக்கு ஓய்வு நேரம் என்று ஒன்று கிடையாது, அவர் இருபத்து நான்கு மணி நேரமும் பணியில் இருப்பவர், ஆகவே அவரது பயணம் எல்லாமே பணிப் பயணம்தான் என்று ஒரு வாதம் முன்வைக்கப்படுவதுண்டு. 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 22ஆம் பிரிவு, காவல் அலுவலர் எப்போதும் பணியில் இருப்பவராகக் கருதப்படுவார் என்று சொல்வது உண்மை. ஆனால் அது அந்தச் சட்டத்தின் நோக்கங்களுக்காக மட்டும் என்று அப்பிரிவே வரையறுக்கிறது. எந்நேரம் அழைத்தாலும் வர வேண்டும், எங்கே குற்றம் கண்டாலும் செயல்பட வேண்டும் என்னும் கடமையைச் சுமத்துவதற்காக எழுதப்பட்ட வரி அது. கடமைக்காக எழுதப்பட்ட வரியைச் சலுகைக்கான சீட்டாக மாற்றுவது சட்ட விளக்கம் ஆகாது.

இதே குழப்பம் வழக்குத் தொடர முன் அனுமதி வேண்டும் என்னும் பாதுகாப்பிலும் எழுகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197ஆம் பிரிவும், இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 218ஆம் பிரிவும், அலுவல் கடமையை ஆற்றும்போது செய்த செயலுக்காக அவற்றில் குறிப்பிடப்பட்ட பொது ஊழியர்மீது வழக்குத் தொடர அரசின் அனுமதியைக் கோருகின்றன. செயலுக்கும் கடமைக்கும் நியாயமான தொடர்பு இருக்க வேண்டும் என்பதை நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியுள்ளன. பிள்ளையைப் பள்ளியில் விடச் செல்லும் வழியில் சிவப்பு விளக்கைக் கடப்பது எந்த அலுவல் கடமையின் பகுதியும் அன்று. அங்கே அனுமதி தேவை என்று சொல்லித் தப்ப முடியாது.

காவலர்களின் பணிச்சுமையை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. காவலர்களுக்கு வார விடுமுறை அளிக்கும் அரசாணை தமிழ்நாட்டில் 2021இல்தான் வந்தது என்பதே அச்சுமைக்குச் சான்று. ஆனால் களைத்துப்போய் வண்டி ஓட்டும் ஒருவருக்குத் தலைக்கவசம் கூடுதலாகத் தேவைப்படும். ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நாடெங்கும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். தலைக்கவசம் அணியாததால் இறந்தோர் எண்ணிக்கை 50,029. அவ்வாண்டில் மிக அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். காவலருக்கு விலக்கு அளிப்பதாக எண்ணி நாம் பார்க்காமல் விடுவது, உண்மையில் அவரது உயிரையும் பார்க்காமல் விடுவதாகும்.

நாங்குநேரிப் பேருந்து

2024 மே மாதத்தில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் அரசுப் பேருந்தில் ஏறிய காவலர் ஒருவர், பணி நிமித்தமாகச் செல்வதாகச் சொல்லிப் பயணச்சீட்டு வாங்க மறுத்தார். நடத்துநருடன் நடந்த வாக்குவாதக் காணொலி பரவியது. பயண ஆணை இருந்தால் மட்டுமே காவலர்கள் கட்டணமின்றிப் பயணிக்கலாம் என்று போக்குவரத்துத் துறை தெளிவுபடுத்தியது. அடுத்த சில நாட்களில் மாநிலத்தின் பல இடங்களில் போக்குவரத்துக் காவலர்கள் அரசுப் பேருந்துகளை நிறுத்தி, நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியது, இருக்கைப் பட்டை அணியாதது என்று அபராதம் விதித்தனர். இரு துறைச் செயலாளர்களும் பேசிய பிறகே மோதல் தணிந்தது. காவலரும் நடத்துநரும் கைகுலுக்கிக் கட்டியணைக்கும் காட்சியோடு செய்தி முடிந்தது.

அந்தச் சமரசக் காட்சியோடு நாம் நிறுத்திவிடக் கூடாது. அந்த அபராதங்களில் பல, சட்டத்தின் எழுத்துப்படி சரியாகவே இருந்திருக்கலாம். பேருந்து தவறான இடத்தில் நின்றிருக்கலாம். ஓட்டுநர் பட்டை அணியாமல் இருந்திருக்கலாம். ஆனால் அதே பேருந்து அதே இடத்தில் முந்தைய மாதமும் நின்றது. அப்போது கண்ணில் படாத குற்றம், துறையின் மானம் சீண்டப்பட்டபோது கண்ணில் பட்டது. போக்குவரத்துச் சட்டத்தில் மறைந்திருக்கும் அதிகாரம் இதுதான். விதிகள் மிகப் பல. சாலையில் செல்லும் எவரும் ஏதேனும் ஒன்றை மீறியிருப்பார். ஆகவே யாரைப் பிடிப்பது என்பது விதியின் கையில் இல்லை, விதியைக் கையில் வைத்திருப்பவரின் கையில் இருக்கிறது. ஒரு சங்கமும் ஒரு துறையும் பின்னால் நின்ற அரசு ஊழியருக்கே இந்நிலை என்றால், யாரும் பின்னால் நில்லாத கூலித் தொழிலாளியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில் மாணவர்கள் ஒரு சட்ட நுணுக்கத்தை மறக்கக் கூடாது. "காவலரும் தலைக்கவசம் அணியவில்லை, ஆகவே எனக்கும் அபராதம் விதிக்காதீர்கள்" என்று நீதிமன்றத்தில் வாதிட முடியாது. 14ஆம் உறுப்பு தரும் சமத்துவம் நேர்மறையானது. ஒருவர் செய்த தவறைக் காட்டி அதே தவறுக்கு உரிமை கோர அது இடம் தராது என்பது நிலைபெற்ற கோட்பாடு. காவலரின் விதிமீறல் நமக்குத் தற்காப்பு ஆகாது. ஆகவேதான் இதற்கான தீர்வைத் தனி வழக்கில் தேடுவதைவிட, துறையின் பொறுப்புடைமையில் தேட வேண்டியிருக்கிறது.

இப்பொறுப்புடைமை இல்லாதபோது எந்த எல்லைக்குப் போகும் என்பதை 2018 மார்ச் 7 அன்று திருச்சி துவாக்குடி அருகே கண்டோம். தலைக்கவசச் சோதனையில் நிற்காமல் சென்ற தம்பதியரைத் துரத்திச் சென்று, அவர்களது வண்டியை உதைத்து வீழ்த்தியதாகக் காவல் ஆய்வாளர் ஒருவர்மீது குற்றம் சாட்டப்பட்டது; அவர் கைது செய்யப்பட்டார். வண்டியிலிருந்து விழுந்த பெண் இறந்துபோனார். அன்று இருந்த சட்டப்படி, தலைக்கவசம் அணியாமைக்கு முதல் முறை விதிக்கத்தக்க அபராதம் 100 ரூபாய். உயிரைக் காக்க எழுதப்பட்ட விதி, 100 ரூபாய்க்காக ஓர் உயிரைப் பறிக்கும் துரத்தலாக மாறியது. விதிக்கு மேலே தான் நிற்பதாகக் கருதுபவரின் கையில் விதி சேரும்போது நேரும் விபரீதம் இது.

சாலையும் சாதியும்

தலித் மக்களுக்குச் சாலை என்பது வெறும் போக்குவரத்துப் பாதையாக ஒருநாளும் இருந்ததில்லை. 1893இல் அய்யன்காளி திருவிதாங்கூரின் பொதுச் சாலையில் வில்லுவண்டி ஓட்டிச் சென்றது, சாலை யாருடையது என்ற கேள்வியை எழுப்பத்தான். 1924இல் வைக்கத்தில் நடந்த போராட்டம் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்கானது. அதே 1924இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலைகளையும் பொதுக் கிணறுகளையும் ஒடுக்கப்பட்டோர் பயன்படுத்தும் உரிமையை அரசை ஏற்கச் செய்தது. 1929இல் சாலிஸ்காவுன் சென்ற அண்ணல் அம்பேத்கரை ஏற்றிச் செல்ல டாங்கா ஓட்டுநர்கள் மறுத்தனர். ஓட்டிப் பழகாத ஒருவர் வண்டியைச் செலுத்த, அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டுக் கால் முறிந்தார். அதைச் சாலை விபத்து என்று மட்டும் சொன்னால் அது பொய்யாகும். அது சாதி நிகழ்த்திய விபத்து.

இந்த வரலாறு முடிந்துவிடவில்லை என்பதை நாடாளுமன்றமே ஒப்புக்கொண்டிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்டு 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பதைத் தனிக் குற்றமாக்கியது. உலகில் வேறெங்கும் ஒரு குற்றவியல் சட்டம், ஒரு மக்கள் பிரிவினர் மோட்டார் சைக்கிளில் அமரும் உரிமையைக் காக்க வேண்டிய நிலை எளிதில் வராது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் தலித் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதே காரணம் என்று குடும்பத்தார் கூறினர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது.

இப்பின்னணியில் ஒரு தலித் இளைஞர் வாகனச் சோதனைச் சாவடியை நெருங்குவதை எண்ணிப் பாருங்கள். "வண்டி யாருடையது?", "எந்த ஊர்?", "எந்தத் தெரு?" என்னும் கேள்விகள் மோட்டார் வாகனச் சட்டத்தில் இல்லை. சட்டம் கேட்கச் சொல்வது உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு, மாசுச் சான்று. தெருவைக் கேட்கும் கேள்வி வேறு ஒரு சட்டத்திலிருந்து வருகிறது. அது எழுதப்படாத சட்டம். அந்த எழுதப்படாத சட்டத்தை ஒழிக்க வேண்டுமானால், எழுதப்பட்ட சட்டம் கேட்பவருக்கும் கேட்கப்படுபவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். தானே தலைக்கவசம் அணியாமல் நின்று பிறரிடம் தலைக்கவசம் கேட்பவரின் முன்னால், எழுதப்பட்ட சட்டம் ஏற்கெனவே தோற்றுவிட்டது. மிஞ்சி நிற்பது எழுதப்படாததுதான்.

தண்டனை கீழ்நோக்கி மட்டும் பாயக் கூடாது

இக்கோரிக்கையை எழுப்பும்போது நாம் கவனமாக இருக்க வேண்டிய ஒன்றும் உண்டு. காவல்துறையும் ஒரு படிநிலைச் சமூகம். விதி மீறிய காவலர்மீது நடவடிக்கை என்று செய்தி வரும்போது, அந்த நடவடிக்கை பெரும்பாலும் இரண்டாம் நிலைக் காவலரிடமே தொடங்கி அவரிடமே முடிகிறது. தலைக்கவசம் இல்லாத கான்ஸ்டபிளின் படம் பரவுவது எளிது. கண்ணாடிகளில் கறுப்பு ஒட்டுத்தாளோடு விரையும் உயர் அதிகாரியின் கார் படத்தில் விழுவது அரிது. கறுப்பு ஒட்டுத்தாளுக்கு 2012இலேயே உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. சுழல் விளக்குப் பண்பாட்டை 2013இல் அபய் சிங் வழக்கில் கண்டித்தது. 2017 மே 1 முதல் அமைச்சர்கள், அதிகாரிகள் கார்களிலிருந்து சுழல் விளக்குகள் அகற்றப்பட்டன. ஆகவே உயர் அதிகாரிகளுக்கும் விதி தெரியும்.

கான்ஸ்டபிள்களில் கணிசமானோர் உழைக்கும் குடும்பங்களிலிருந்து, ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்கள். நம் கோரிக்கை அவர்களைப் பலிகடா ஆக்கும் கருவியாக மாறிவிடக் கூடாது. ஆய்வாளரின் ஜீப்புக்கும் கண்காணிப்பாளரின் காருக்கும் அதே அளவுகோல் பொருந்த வேண்டும். இது காவல்துறைக்கு மட்டும் சொல்லும் சொல்லும் அன்று. தனியார் வாகனங்களில் 'போலீஸ்', 'பிரஸ்', 'வழக்கறிஞர்' என்று ஒட்டிக்கொள்வதற்கு எதிராகச் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2024 மே 2 முதல் நடவடிக்கை எடுக்கத் தொடங்கியபோது, முணுமுணுத்தவர்களில் வழக்கறிஞர் சமூகமும் இருந்தது. அந்த ஒட்டுத்தாள் சொல்வதெல்லாம் ஒன்றுதான்: "என்னை நிறுத்தாதே." நிறுத்தத் தகாதவர்கள் என்று ஒரு கூட்டம் உருவாகும் இடத்தில், நிறுத்தத் தக்கவர்கள் என்று மற்றொரு கூட்டமும் உருவாகிவிடுகிறது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, தகவல் உரிமைச் சட்டம். உங்கள் மாவட்டத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் 210பி பிரிவின் கீழ் எத்தனை பேருக்கு அபராதம் விதிக்கப்பட்டது, பதவி வாரியாக எத்தனை பேர், தலைக்கவசம் குறித்துத் துறைக்குள் என்னென்ன சுற்றறிக்கைகள் வெளியிடப்பட்டன என்று கேளுங்கள். தனி நபர் பெயர்களைக் கேட்டால் மறுப்பதற்கு வழி பிறக்கும். எண்ணிக்கையைக் கேட்டால் அவ்வழி அடைபடும். 10 ரூபாய் நீதிமன்ற வில்லையும் 30 நாள் பொறுமையும் போதும்.

இரண்டாவது, கேமரா. ஒன்றிய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் சேர்க்கப்பட்ட 167ஏ விதி, மின்னணுக் கருவிகள் மூலம் கண்காணிக்கவும், குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பவும் வழி செய்கிறது. கேமரா சீருடையைப் பார்த்து விலகிக்கொள்வதில்லை. ஆனால் அது எடுத்த படம் அறிவிப்பாக மாறும் முன் துறையின் கைகளைக் கடந்து செல்கிறது. அந்த இடத்தில் எத்தனை அறிவிப்புகள் கைவிடப்பட்டன, என்ன காரணத்துக்காக என்பது பதிவாக வேண்டும், வெளியிடப்பட வேண்டும் என்பது நம் கோரிக்கையாக இருக்கட்டும்.

மூன்றாவது, சோதனையின்போது நம் உரிமைகள். ஆவணங்களைக் கேட்கும் காவல் அலுவலர் சீருடையில் இருக்க வேண்டும் என்று 130ஆம் பிரிவு சொல்கிறது. டிஜிலாக்கர் போன்றவற்றில் உள்ள மின்னணு ஆவணங்கள் செல்லும். உரிமத்தைக் கைப்பற்றினால் 206ஆம் பிரிவின்படி ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். வண்டிச் சாவியைப் பிடுங்கும் அதிகாரத்தைச் சட்டம் எங்கும் குறிப்பிடவில்லை. அபராதத்தை அங்கேயே செலுத்த விருப்பமில்லையெனில் நீதிமன்றத்தில் வழக்கை எதிர்கொள்ளலாம். குரலை உயர்த்தாமல், பணிக்குத் தடை செய்யாமல், இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு கேளுங்கள். 132ஆம் பிரிவுக்கு வாய்ப்புக் கொடுக்காதீர்கள். தனியாகக் கேட்பதைவிட, பின்னர் எழுத்து மூலம் அமைப்பாகக் கேட்பது வலிமையானது.

நான்காவது, சோதனையின்போது பொதுமக்கள் பார்வையில் சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினால் அது போக்குவரத்துப் பிரச்சினை அன்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவின் கீழ் வரும் குற்றம். அதற்கு முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய முதல்கட்ட விசாரணை தேவையில்லை என்று 18ஏ பிரிவு கூறுகிறது. கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் பொது ஊழியருக்கு 4ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை விதிக்கிறது.

ஐந்தாவது, அரசிடம் நேரடியாக வைக்க வேண்டிய கோரிக்கை: 210பி பிரிவு தனி அலுவலருக்கும் பொருந்தும் என்று தமிழ்நாடு அரசு தெளிவான ஆணை வெளியிட வேண்டும், அதன் கீழ் எடுக்கப்பட்ட நடவடிக்கைகளின் எண்ணிக்கையைப் பதவி வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். காவல் நிலையங்களின் வாயிலில், பணிக்கு வருவோரும் முடிந்து செல்வோரும் தலைக்கவசம் அணிந்திருப்பதை நிலைய அலுவலர் உறுதி செய்ய வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ பெரும் நிதியோ தேவையில்லை.

சட்டத்தின் ஆட்சியை விளக்க முற்பட்ட டைசி, அமைச்சர் முதல் கான்ஸ்டபிள் வரை எல்லோரும் ஒரே சட்டத்துக்குப் பொறுப்பானவர்கள் என்னும் கருத்தை முன்வைத்தார். அந்தப் பட்டியலில் கான்ஸ்டபிள் இடம்பெற்றது தற்செயல் அன்று. எளிய மனிதர் அன்றாடம் எதிர்கொள்ளும் அரசின் முகம் அவர்தான். பெரும்பாலான மக்கள் தங்கள் வாழ்நாளில் உச்ச நீதிமன்றத்தைப் பார்ப்பதில்லை. சாலைச் சந்திப்பில் நிற்கும் காவலரைத் தினமும் பார்க்கிறார்கள். அரசியலமைப்பு என்ன சொல்கிறது என்பதை அவர்கள் அங்கேதான் அறிந்துகொள்கிறார்கள். சிவப்பு விளக்கில் ஆம்புலன்சுக்கு வழிவிட்டு நாம் ஒதுங்குவது ஓர் உயிருக்காக. சைரன் ஒலிக்காத ஜீப்புக்கும் ஒதுங்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டால், அது யாருக்காக என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. அக்கேள்வியைத் தகவல் உரிமை மனுவாக எழுதி அனுப்புவதிலிருந்து நாம் தொடங்கலாம்.